கொரியப் படம் பார்த்தவர்

"பார்த்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் உங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். எதைப் பார்த்தாச்சா என்று சொல்ல மாட்டார். பெண்ணையா, வீட்டையா, கண் டாக்டரையா என்று நீங்கள் திகைத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் முகத்தைப் படித்துவிட்டு, "ஓ, இன்னும் இல்லையா?" என்பார். அந்த "ஓ"வில் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். ஏதோ முற்றிவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்கிற மாதிரி. பயப்படாதீர்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை. அவர்தான் கொரியப் படம் பார்த்தவர்.

இந்த இனத்தாரை வெளித்தோற்றத்தில் அடையாளம் காண முடியாது. கழுத்தில் கம்பெனி அட்டை, முதுகில் கம்பெனி கொடுத்த பை, கையில் கம்பெனி கேன்டீன் காபி என்று நம்மைப் போலவேதான் இருப்பார்கள். வித்தியாசம் நெற்றிக்குள் இருக்கிறது. அங்கே ஓயாமல் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. படங்கள் அல்ல, படம். ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு சினிமா, சமூகம், மனித மனம், கடவுள் உண்டா இல்லையா, மடிவாளாவில் ஏன் டிராஃபிக் நகரவில்லை ஆகிய சகலத்தையும் விளக்கிவிடுவார்கள். ஐந்து வருடங்களுக்கு முன்னால் இதே மனிதர்கள் இரானியப் படம் பார்த்தவர்களாக இருந்தார்கள். அப்போது குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். இப்போது கத்தியைப் பற்றிப் பேசும்போது தழுதழுக்கிறது.

"வயலன்ஸ்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது ஒரு மௌனம்" என்பார். ஒரு மீன் சந்தையில் பன்னிரண்டு பேரை வரிசையாக ஐஸ் உடைக்கிற கம்பியால் குத்துகிறார்கள், பன்னிரண்டு பேரும் உயிர் போகிற மட்டும் அலறுகிறார்கள், அது மௌனம். "அந்த ஏழாவது குத்து இருக்கே, அதுல ஒரு தனிமை இருக்கு." அப்படியானால் ஆறாவது குத்தில் கூட்டம் இருந்ததா? கேட்கக் கூடாது. க்ளைமாக்ஸை மட்டும் சொல்லவே மாட்டேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்து, நீங்கள் மூச்சு விடுவதற்குள் அதையும் சொல்லி முடித்து, "ஆனா நீங்க பார்க்கறப்ப வேற மாதிரி இருக்கும்" என்று தோளில் தட்டிக்கொடுப்பார். நம்ம ஊரில் இப்படி எடுக்க முடியுமா என்று கேட்பார். முடியாது என்று நீங்கள் ஒத்துக்கொண்டால் பெருமூச்சு விடுவார். முடியும் என்றால் சிரிப்பார். இத்தனைக்கும், கம்பெனி ஹெல்த் செக்கப்பில் ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆச்சா சிஸ்டர், ஆச்சா?" என்று கேட்பவரும் இவரே.

நான் கொஞ்சம் ஊர் சுற்றியவள். போன இடங்களில் எல்லாம் இந்த இனத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த ஒன்றை அருகிலிருந்து பார்க்கிற பாக்கியம் இரண்டாயிரத்து ஆறில், ஈஜிபுராவில்தான் கிடைத்தது. மேரி ஆன்ட்டி வீட்டு மாடியறைக்குக் குடிபோனேன். கீழே அவரும் அவருடைய ஒரே மகன் கிஷோரும். கிஷோருக்கு வயது முப்பத்தொன்று. கோரமங்களாவில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர், அதாவது மற்றவர்கள் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குபவர். என் பெட்டி படியேறுவதற்கு முன்பே "பார்த்தாச்சா?" என்று கேட்டார். கொரியாவில் எட்டு மாதம் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். "அப்ப உங்களுக்குச் சொன்னா புரியும்" என்றார். சொல்லிவிட்டு எனக்குக் கொரியாவைப் பற்றி நாற்பது நிமிடம் விளக்கினார்.

அந்தப் படம் தெருமுனையில் மதலைமுத்து அண்ணனின் சீடி கடையில் வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு சீடி. உறை முழுக்கக் கொரிய எழுத்து. மனிதர் பாவம் என்ன செய்வார், தானே மார்க்கரை எடுத்து சீடிகளின் முதுகில் ஒன்று, இரண்டு என்று எழுதிவைத்திருந்தார். ஈஜிபுராவில் அந்தப் படத்தைப் பார்த்த எல்லோரும் அந்த ஒரு ஜோடியைத்தான் பார்த்தார்கள். எல்லோரையும் பார்க்கவைத்தவர் கிஷோர்.

படம் இப்படிப் போகும். எடுத்த எடுப்பில் தரையில் ஒரு சைக்கிள் கவிழ்ந்து கிடக்கிறது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ("காலச்சக்கரம்," என்பார் கிஷோர்.) ஒரு சின்னப் பெண்ணை வேனில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவள் செத்துப்போகிறாள். அவளுடைய அப்பா ஐஸ் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அவர் யார், அவர்களோடு என்ன பகை, ஒரு வார்த்தை கிடையாது. ("பின்னணியே சொல்ல மாட்டான்! எவனுக்குங்க அந்த தைரியம் வரும்?") ஒரு மணி நேரம் குத்துகிறார். கடைசியில் தானும் சாகிறார். திரையில் வேலை செய்தவர்களின் பெயர்கள் எல்லாம் ஊர்ந்து மேலே போகின்றன. முடிந்ததா? அதுதான் இல்லை. இரண்டாவது சீடியைப் போட்டால் கம்பெனி முத்திரை வருகிறது, படத்தின் பெயர் வருகிறது, அதே அப்பா சந்தையில் கணவாய் மீன் விற்கிறார், அதே மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், செத்த ரவுடிகள் அத்தனை பேரும் எழுந்து வந்து மாமூல் கேட்கிறார்கள். கடைசியில் அப்பா மகளுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லித் தருகிறார். பிடித்திருந்த கையை விடுகிறார். அவள் தனியாக ஓட்டுகிறாள், திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். பாதி வார்த்தையில் படம் நின்றுவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏழெட்டுப் பையன்கள் உட்கார்ந்திருக்க, கிஷோர் நின்றுகொண்டு உரையாற்றுவார். "பேரு எங்க போடறான்? படம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு. ஏன்? செத்த பிறகுதான்டா மனுஷனுக்குப் பேரு!" பையன்கள் "ஆ" என்பார்கள். "அந்த முதல் பாதி நிஜம் இல்ல. கையை விட்டா என் பொண்ணுக்கு என்ன ஆகுமோன்னு அந்த அப்பன் மனசுல ஒரு செகண்ட் ஓடற பயம். அவ்வளவு ரத்தமும் ஒரே செகண்ட்! கடைசியில பொண்ணு பத்திரமா ஓட்டிட்டுப் போயிடறா. நான்-லீனியர்னா இதுதான்!" 

நானும் படம் பார்த்தேன். நானும் தலையாட்டினேன். பொய் சொல்வானேன்.

மேரி ஆன்ட்டிக்கும் ஒரு கருத்து இருந்தது. "அந்த ஊர்ல அடிச்சுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து சூடா சாப்பிட்டுடறாங்கம்மா. சாப்பிட்டுட்டுதான் குத்தறாங்க. நல்ல பழக்கம்."

ஆனால் அந்தப் படம் மகனுக்குக் கல்யாணமே ஆகவிடாது என்று அவர் பயந்தார். ஏனென்றால் கிஷோர் பார்க்கிற பெண்களுக்கெல்லாம் அதைக் கொடுத்து அனுப்பி அபிப்பிராயம் கேட்டுவந்தார். முதல் பெண், கவிழ்ந்த சைக்கிளைப் பார்த்ததுமே டிவியை நிறுத்திவிட்டாள். இரண்டாமவள் ஐந்தாவது குத்தில் தூங்கிப்போனாள். மூன்றாமவள் முழுதும் பார்த்துவிட்டு "நல்லா இருந்துச்சு" என்றாள். அவளைத்தான் கிஷோரால் மன்னிக்கவே முடியவில்லை. "நல்லா இருந்துச்சாம்! லட்டா மம்மி அது?" நான்காவது பெண்ணின் அண்ணன் நேரில் வந்து சீடியைத் திருப்பிக் கொடுத்து, மாப்பிள்ளைக்கு வேறு ஏதாவது பழக்கம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஐந்தாவதாக எலிசபெத் வந்தாள். அடுகோடிப் பெண், பொம்மசந்திராவில் ஒரு மருந்து ஃபாக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை. அவளுடைய அப்பா ஓஸ்வால்டும் மேரி ஆன்ட்டியின் காலமான கணவரும் கோலார் தங்கவயலில் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று கிஷோர் இரண்டு மணி நேரம் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "எலிசபெத் சிரிக்கறப்ப ஒரு பக்கமா சிரிக்கறாங்க இல்ல?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். மனிதர் விழுந்துவிட்டார் என்று தெரிந்தது. மேரி ஆன்ட்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால், சீடி அடுகோடிக்குப் போய்விட்டது.

"டேய், பொண்ணு வீட்டுக்குப் பூ அனுப்புவாங்க, பழம் அனுப்புவாங்க. கொலைகாரன் படத்தையாடா அனுப்புவ?"

"வாழ்க்கை பூரா கூட இருக்கப்போறவங்க மம்மி. ரசனை ஒத்துவரணும்ல?"

"ஒத்துவரலன்னா?"

கிஷோர் முகம் கொஞ்சம் வெளுத்தது.

"இவளும் போனா நான் கேஜிஎஃப் வண்டி ஏறிடுவேன். அப்புறம் நீயும் அந்த மீன்காரனும் குடித்தனம் பண்ணுங்க."

அடுத்த ஞாயிறு மாலை முடிவு கேட்க அடுகோடிக்குப் போனோம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். "நீ கொரியாவுல இருந்த பொண்ணு. ஏதாவது ஏடாகூடமாப் போச்சுன்னா எடுத்துச் சொல்லும்மா" என்றார் மேரி ஆன்ட்டி, ஏதோ நான் அந்த நாட்டுத் தூதர் என்பதுபோல. 

டீ வந்தது. கேக் வந்தது. முதலில் பேசியவர் ஓஸ்வால்ட்.

"படம் பார்த்தோம் தம்பி. ஒண்ணு சொல்லணும். அந்த ஆள் கம்பி பிடிக்கறது தப்பு."

"அங்கிள்?"

"இருபத்தெட்டு வருஷம் பாறையில கம்பி போட்டவன் நான். கட்டை விரலை வெளிய விட்டுப் பிடிக்கறான். அப்படிப் பிடிச்சா நாலாவது ஆளுக்கே மணிக்கட்டு போயிடும். பன்னெண்டு பேரை எங்க குத்தறது?"

"அது ஒரு குறியீடு அங்கிள்."

"குறியீடோ என்னவோ. கட்டை விரல் உள்ள இருக்கணும்."

கிஷோர் பொறுமையாகச் சிரித்துவிட்டு எலிசபெத் பக்கம் திரும்பினார். மேரி ஆன்ட்டியின் கை பைக்குள் போய் ஜெபமாலையைத் தேடியது. 

"படத்தோட ஆரம்பம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"மார்க்கெட்டுங்களா? நல்லா இருந்துச்சு. அந்தப் பொண்ணு வீட்டுப்பாடத்துல கணவாய் மை கொட்டிடுதே, அப்ப டாடி சிரிச்சிட்டார்."

"அது இல்ல, ஆரம்பம். சைக்கிள்."

"சைக்கிள் நடுவுல இல்ல வருது?"

கிஷோரின் முகத்தில் கருணை பொங்கியது. கூடவே ஒரு கலக்கமும். "நான்-லீனியர்ல கொஞ்சம் குழம்பிட்டீங்க. பரவாயில்ல, முதல் தடவை எல்லாருக்கும்..." என்று அவளுக்குத் தானே பாஸ் மார்க் போட வழி தேடினார். நான்கு பெண்களுக்குக் காட்டாத சலுகை அது.

"குழம்பலைங்க," என்றாள் எலிசபெத். "ஒண்ணுன்னு எழுதியிருந்ததைத்தான் முதல்ல போட்டேன். பேர் போடாம, எடுத்ததும் சைக்கிள் கிடக்குது. பேர் போடாம எந்தப் படமாவது ஆரம்பிக்குமா? எடுத்துட்டு அடுத்ததைப் போட்டா பேர் வருது. கடைக்காரர் நம்பரை மாத்தி எழுதிட்டாருங்க. லேபிள் ஒண்ணு, உள்ள மருந்து ஒண்ணுன்னு ஃபாக்டரில தினம் பார்க்கறேன், இது தெரியாதா? அந்தப் பொண்ணு பாதில நிறுத்தற வார்த்தையோட மீதி, அந்த சைக்கிள் சீடியோட முதல் செகண்ட்ல கேக்குது. வேணும்னா போட்டுக் காட்டட்டுமா?"

எட்டு மாதம் கொரியாவில் இருந்த நான் கேக்கில் இருந்த முந்திரியை எண்ணினேன். மூன்று.

இந்த இனத்தை மடக்கினால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். "டைரக்டரே அப்படித்தான் நினைச்சார், தயாரிப்பாளர் கெடுத்துட்டார்" என்று ஒரு வழி. "வேணும்னேதான் உங்களைச் சோதிச்சேன்" என்று இன்னொரு வழி. எது வரப்போகிறது என்று காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. மிகச் சின்னக் குரலில் ஒரு கேள்வி வந்தது.

"அப்ப... அது அந்த அப்பாவோட பயம் இல்லையா?"

"எதுங்க?"

"அந்தப் பொண்ணு கடைசியில ஓட்டிட்டுப் போறாளே."

"அது இன்டர்வெல்லுங்க. அடுத்த நிமிஷமே வேன் வந்துடுது. செத்துடறா."

"நிஜமாவா?"

"நிஜமாவேதாங்க."

கிஷோர் அந்தப் படத்தை ஆறு முறை பார்த்தவர். பன்னிரண்டு குத்துகளையும் ஆறு முறை தாண்டியவர். அதுவும் விரல்களுக்கு நடுவில்தான் பார்ப்பான் என்று மேரி ஆன்ட்டி பிறகு காட்டிக்கொடுத்தார். எல்லாம் எதற்கு? கடைசியில் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே போவாள் என்பதற்கு. ஈஜிபுராவின் தலைசிறந்த வன்முறை நிபுணர், பெண் வீட்டார் முன்னிலையில், மடியில் கேக் தட்டுடன், ஒரு கொரியக் கணவாய்க்காரரின் மகளுக்காகத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

"போச்சு" என்று மேரி ஆன்ட்டி நெற்றியில் கை வைத்தார். "அஞ்சாவதும் போச்சு."

ஓஸ்வால்ட் எழுந்து வந்து கிஷோர் மடியிலிருந்த தட்டை முதலில் பத்திரப்படுத்தினார். பிறகு டிவி பக்கம் திரும்பினார். "தம்பி சொல்ற மாதிரியும் ஒரு தடவை பார்த்துடலாமே. எலிசபெத், அந்த சைக்கிள் சீடியை முதல்ல போடு."

பார்த்தோம். ஒரு கல்யாணப் பேச்சின் நடுவில், ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தோம். எல்லோரும் செத்தார்கள். பெயர்கள் ஓடின. எல்லோரும் எழுந்து வந்தார்கள். கடைசியில் குழந்தை சைக்கிளில் போனாள், நின்றது. ஓஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படிப் பார்க்கறதுதான் சரி. எடுத்தவன் தப்பா எடுத்துட்டான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா அந்தக் கம்பி பிடிக்கறது, எப்படிப் பார்த்தாலும் தப்புதான்" என்றார்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு எலிசபெத்தின் பின்னால் சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, இவர் எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"அழுவாரா?"

"இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"பேசுவாரா?"

"அது எப்பவும்."

அவள் இரண்டு டம்ளர் கழுவுகிற நேரம் யோசித்தாள். "பேசறதுக்கு என்னக்கா, ஃபாக்டரில மெஷின் சத்தத்துக்குக் காதுல வச்சுக்கறதுக்கு ஒண்ணு குடுக்கறாங்க. அழற மனசைத்தான் எங்கயும் குடுக்க மாட்டாங்க. எங்க மம்மி உயிரோட இருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்ச் சரி என்றாள். மேரி ஆன்ட்டியும் அழுதார். அன்று அந்த வீட்டில் அழாதவர் அந்த ஐஸ் கம்பிக்காரர் மட்டும்தான்.

கிஷோர் அத்தோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? புதன்கிழமைக்குள் தேறிவிட்டார். தண்ணீர்த் தொட்டியில் விசேஷக் கூட்டம் கூட்டினார். "இந்தப் படத்தை ரெண்டு விதமாப் பார்க்கலாம்டா. எடுத்தவன் நினைச்ச மாதிரி பார்க்கலாம், அது எல்லாரும் பார்க்கறது. இன்னொரு விதம் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சது நம்ம ஏரியா." பையன்களில் பாதிப் பேர் பெயர்-முதல் கட்சி ஆனார்கள், மீதிப் பேர் சைக்கிள்-முதல் கட்சி. கோவில் வாசலில் கைகலப்பு வரை போயிற்று. எண்களைத் திருத்தி எழுதக் கூடாதா என்று மதலைமுத்து அண்ணனிடம் கேட்டேன். "மாத்தினா பாதித் தெரு சண்டைக்கு வருது, மாத்தலன்னா மீதித் தெரு. இத்தனை நாள் தப்பா எழுதின ஒரே காரணத்துக்கு இந்தப் படம் ஓடுச்சு. சும்னே இரும்மா" என்றார். கன்னடத்தில் பேசாமல் இரு என்று அர்த்தம். ஒன்றரை வருடத்தில் அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட ஒரே நிதானமான விமரிசனம் அதுதான்.

ஜனவரியில் கல்யாணம். வரவேற்பில் கிஷோர் மேடையில் நின்றபடியே போட்டோகிராஃபரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லை என்று தலையாட்டியதும் கிஷோர் உதடு "ஓ" என்று குவிவது தூரத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் எலிசபெத் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டு நிம்மதியாக நின்றாள். காதில் இருந்தது கம்மல் மட்டும்தானா என்று நான் அருகில் போய்ப் பார்க்கவில்லை.

நீங்கள் கிஷோர் இல்லை, தெரியும். நீங்கள் நிதானமானவர், எதையும் முழுசாகப் பார்க்காமல் கருத்துச் சொல்லாதவர். இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டு வரும்போது ஓரிரு இடத்தில், "ஆமாம் ஆமாம், அந்தப் படம்தானே, பார்த்திருக்கிறேன்" என்று உங்கள் தலை தானாக ஆடியது. எந்த வரிசையில் பார்ப்பது உசத்தி என்று உங்களுக்கும் ஒரு கட்சி இருக்கிறது. அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாற்காலியை இழுத்தே விட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். படத்தின் பெயரை நான் இன்னும் சொல்லவே இல்லை.